சிட்டைச் சுட்ட சிறுவன்

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவிலில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கோமதி அம்மனைத் தரிசித்த கையோடு, குழந்தை குட்டிகளை அழைத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் புறப்படுகிறவர்கள் அதில் பலர். அருவியில் குளிப்பார்கள். செங்கோட்டைப் பக்கம் போய்ப் பரோட்டா சாப்பிடுவார்கள். ஊர் திரும்பிவிடுவார்கள்.

செங்கோட்டைக்கு அப்பால், மலையைக் குடைந்து போகும் ரெயில் பாதையில் தென்மலை என்று ஓர் ஊர் இருக்கிறது. 1933-ம் ஆண்டு அந்தக் காட்டில் ஒரு கணவனும் மனைவியும் முகாம் போட்டார்கள். கணவருக்கு 36 வயது. மெலிந்த உடம்பு. தோளில் துப்பாக்கி. கழுத்தில் பைனாகுலர். சட்டைப் பையில் குறிப்புப் புத்தகம். கிழக்கு வெளுக்கும் முன்பே காட்டுக்குள் போய்விடுவார். வெயில் ஏறிய பிறகு திரும்புவார். மாலையில் மறுபடி போவார்.

புலி வேட்டைக்கு வந்தவர் அல்ல. அவர் தேடியது பறவைகளை. தங்கள் நாட்டில் என்னென்ன பறவைகள் உண்டு என்று கண்டறியும் வேலையைத் திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள் அவரிடம் ஒப்படைத்திருந்தன. அப்போது செங்கோட்டைகூடத் திருவாங்கூரைச் சேர்ந்ததுதான்.

அந்த மனிதர்தான் சலீம் அலி. இந்தியாவில் பறவை என்று சொன்னால் படித்தவர்கள் அடுத்து உச்சரிக்கிற பெயர் அது.

மாமா கொடுத்த துப்பாக்கி

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். வீட்டின் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தை போய்விட்டார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

மாமா பெரிய வேட்டைக்காரர். மருமகனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பையனுக்குப் பத்து வயது இருக்கும். சிட்டுக்குருவிகளைக் குறி பார்த்துச் சுடுவது அவனுக்கு விளையாட்டு. ஒரு நாள் விழுந்த சிட்டைக் கையில் எடுத்தான். தொண்டையில் மஞ்சள் பூசினாற்போல ஒரு தீற்று! இது வீட்டுச் சிட்டு இல்லையே! இதைத் தின்னலாமா, கூடாதா? மாமாவிடம் ஓடினான். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

செத்த சிட்டைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு, பயந்துகொண்டே போனான் சிறுவன். மில்லார்டு விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பிறகு பீரோவின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார். அவற்றில் பஞ்சு அடைத்த பறவைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. நூற்றுக்கணக்கில்! ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது.

அந்தச் சீட்டை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையே அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

பட்டம் இல்லாத நிபுணர்

பள்ளியிலும் கல்லூரியிலும் சலீம் அலி சோபிக்கவில்லை. கணக்கு அவரை விரட்டியது. படிப்பைப் பாதியில் விட்டுப் பர்மாவுக்குப் போனார். அங்கே குடும்பத்தாருக்குச் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. வியாபாரம் பார்த்த நேரத்தைவிடக் காட்டில் பறவை பார்த்த நேரம்தான் அதிகம். வியாபாரம் என்ன ஆகும்? ஆனது!

பம்பாய்க்குத் திரும்பியபோது வணிகப் படிப்பும் படித்தார். சேவியர் கல்லூரியில் விலங்கியலும் கற்றார். 1918-ல் தெஹ்மினா என்ற பெண்ணை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் கடைசிவரை வாங்கவில்லை. அதனால் அரசாங்க விலங்கியல் துறையில் பறவை நிபுணர் வேலை அவருக்குக் கிடைக்காமல் போனது. பின்னாளில் பல பல்கலைக்கழகங்கள் அவரை அழைத்து டாக்டர் பட்டம் கொடுத்தன. அது வேறு கதை.

1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். அந்தக் காலத்தில் அது நல்ல சம்பளம். இரண்டு மூன்று வருஷத்தில் வேலை அலுத்துவிட்டது. பறவை ஆராய்ச்சியை முறையாகக் கற்க வேண்டும் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு 1929-ல் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார். பெர்லினில் ஸ்ட்ரெசெமான் என்ற பேராசிரியர் அவரைச் சீடராக ஏற்றார். ஹெலிகோலாந்து என்ற தீவையும் அங்கே பார்த்தார். வலசை போகும் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் இடம் அது. அந்தக் காட்சி அவர் மனதில் பதிந்துவிட்டது.

1930-ல் திரும்பி வந்தால், வேலை போய்விட்டிருந்தது. பணம் இல்லையென்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

தூக்கணாங்குருவி வீட்டு ரகசியம்

வேலை இல்லை. பம்பாயில் வாடகை கொடுத்துக் குடியிருக்க வழியில்லை. கடலுக்கு அப்பால் கிஹிம் என்ற கிராமத்தில் தெஹ்மினாவின் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. அங்கே போனார்கள். பக்கத்திலேயே ஒரு மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

நம் ஊரில் கிணற்றோரப் பனையிலும் தென்னையிலும் அந்தக் கூடு தொங்குவதை யார்தான் பார்க்கவில்லை? பார்த்திருக்கிறோம். கவனித்திருக்கிறோமா? சலீம் அலி கவனித்தார். கூட்டுக்கு எதிரே உயரமாகப் பரண் போல ஒன்று அமைத்து, துணியால் மறைத்து, உள்ளே உட்கார்ந்துகொண்டார். நாள் கணக்கில், மாதக் கணக்கில் அந்த வேலை நடந்தது. எந்தக் கூட்டில் எந்தக் குருவி, எத்தனை மணிக்கு வந்தது, என்ன செய்தது என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

அதில்தான் அந்த வேடிக்கையான சங்கதி வெளிவந்தது. ஆண் குருவி முதலில் பாதிக் கூடுதான் கட்டும். பெண் குருவிகள் கூட்டமாக வந்து பார்வையிடும். உள்ளே புகுந்து, இழுத்துப் பார்த்து, பிடித்தால் ஒருத்தி குடியேறுவாள். உடனே ஆண் மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். அவள் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும், கணவன் அடுத்த பாதிக் கூட்டைத் தொடங்கிவிடும். அடுத்த மனைவிக்கு! கூடு பிடிக்காவிட்டால் பெண்கள் திரும்பிப் பாராமல் போய்விடும். அந்தக் கூடு பாதியிலேயே நின்றுவிடும். மரத்தில் அரைகுறைக் கூடுகள் ஏன் தொங்குகின்றன என்பதற்கு இதுதான் விடை.

இதை அவர் எழுதி வெளியிட்டபோது அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது. செலவு, கொஞ்சம் துணியும் நிறையப் பொறுமையும்தான்.

பானை ஒன்றல்ல

பொறுமை இருந்தாலும் பிழைப்பு வேண்டுமே? சலீம் அலி ஒரு யோசனை செய்தார். இந்தியாவில் பெரிய பெரிய சமஸ்தானங்கள் இருந்தன. பல இடங்களில் பறவைகளைப் பற்றி யாரும் ஒழுங்காக ஆராய்ந்ததே இல்லை. போக்குவரத்துக்கும் முகாமுக்கும் ஆகும் செலவை ஏற்றுக்கொண்டால் போதும், சம்பளம் வேண்டாம் என்று சங்கத்திடம் சொன்னார். சங்கமும் சமஸ்தானங்களும் சம்மதித்தன. முதலில் ஐதராபாத். அடுத்து திருவாங்கூர், கொச்சி.

1933 ஜனவரியில் மறையூரில் வேலை தொடங்கியது. உடுமலைப்பேட்டையிலிருந்து மலையேறினால் வரும் ஊர்தான் மறையூர்.

ஒரு நாட்டிலுள்ள பறவைகளையெல்லாம் யாராலும் பார்த்து முடிக்க முடியாது. அப்படியானால் எப்படிக் கணக்கிடுவது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் காடு ஒரே பானை அல்ல. மறையூர் மழை மறைவில் கிடக்கும் காய்ந்த பிரதேசம். தென்மலையில் மழை கொட்டும். பச்சை மாறாத காடு. ஆரல்வாய்மொழி, முள் காடும் பேய்க்காற்றும். கன்னியாகுமரி கடற்கரை. ஒவ்வொன்றும் தனிப் பானை. ஒன்றில் எடுத்த சோற்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு வகை நிலத்திலும் சில இடங்களைப் பொறுக்கி எடுத்து, அங்கே சில நாட்கள் தங்கி, கண்டதையும் கேட்டதையும் எழுதிக்கொண்டு, அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். காட்டு உயிர்களைக் கணக்கெடுக்கும் கலையின் அடிப்படை இன்றும் இதுதான்.

பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு என்ற இடத்தில் அவர் கண்ட பறவை வகைகள் அவரைத் திகைக்க வைத்தன. தென்னிந்தியாவிலேயே பறவைச் செல்வம் மிகுந்த இடம் அது என்று எழுதினார். ஐம்பது வருஷம் கழித்து, 1983-ல் அந்தக் காடு பறவைகள் சரணாலயம் ஆயிற்று. இப்போது அதற்குச் சலீம் அலியின் பெயரே வழங்குகிறது.

காலில் கட்டிய சீட்டு

பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் சில பறவைகளைச் சுட்டார். பகல் உணவுக்குப் பிறகு முகாமில் உட்கார்ந்து அவற்றின் தோலை உரிப்பார்கள். இறகு கலையக் கூடாது. உள்பக்கம் பாஷாணம் கலந்த சோப்பைத் தடவுவார்கள். அப்போதுதான் பூச்சி அரிக்காது. பஞ்சு அடைத்துத் தைத்து, உலர்த்தி, பெட்டியில் வைப்பார்கள்.

அதற்கு முன்பு செய்ய வேண்டிய காரியங்கள் பல. கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறத்தை அப்போதே எழுத வேண்டும். உயிர் போன சில மணி நேரத்தில் அந்த நிறம் மாறிவிடும். ஆணா பெண்ணா என்று வயிற்றைத் திறந்து பார்த்து நிச்சயம் செய்ய வேண்டும். இரைப்பையில் இருந்தது பழமா, புழுவா என்று குறிக்க வேண்டும். கடைசியாகக் காலில் சீட்டு. எந்த ஊர், எந்தத் தேதி, கடல் மட்டத்துக்கு எவ்வளவு உயரம் என்ற விவரங்கள் எல்லாம் அதில் ஏறும்.

சீட்டு இல்லாத பறவைத் தோல் வெறும் இறகு மூட்டை. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சீட்டு இருந்தால் நூறு வருஷம் கழித்தும் அது சாட்சி சொல்லும்.

உயிரைக் கொன்று ஆராய்ச்சியா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சலீம் அலியையும் பலர் கேட்டார்கள். வீணாகக் கொல்வதை அவர் வெறுத்தார். ஆனால் அந்தக் காலத்தில் பறவை இனங்களைத் துல்லியமாகப் பிரித்தறிய வேறு வழி இல்லை, அளவோடு எடுப்பதில் தவறில்லை என்பதே அவர் கட்சி. பறவை இனத்தை அழிப்பது ஆராய்ச்சியாளன் சுடும் நாலு பறவை அல்ல, வெட்டப்படும் காடும் தூர்க்கப்படும் ஏரியும்தான் என்று வாதாடினார். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனாலும் கையில் எடுத்த பறவையின் சூடு ஆறுவதற்குள் அதன் கண் நிறத்தைக் குறித்துக்கொள்ள மனதில் ஒரு கடினம் வேண்டும்.

சீட்டின் மகிமையைச் சொன்னேன். சீட்டில் பொய் எழுதினால் என்ன ஆகும்?

1937-ல் சலீம் அலி ஆப்கானிஸ்தானத்துக்குப் போனார். உடன் வந்தவர் மைனர்ட்சாகன் என்ற ஆங்கிலேய கர்னல். உலகப் புகழ் பெற்ற பறவை நிபுணர். வீர தீரப் பிரதாபங்கள் நிறையச் சொல்வார். அவர் 1967-ல் இறந்தார். பல வருஷங்கள் கழித்து அவர் சேர்த்து வைத்த பறவைகளைப் பரிசோதித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அவற்றில் பல, அருங்காட்சியகங்களிலிருந்து திருடப்பட்டவை! பழைய சீட்டை அவிழ்த்துவிட்டு, தானே சுட்டதாக வேறு ஊர், வேறு தேதி போட்டுப் புதுச் சீட்டுக் கட்டியிருந்தார்.

அதனால் யாருக்கு நஷ்டம்? மத்திய இந்தியக் காடுகளில் ஒரு சிற்றாந்தை உண்டு. 1884-க்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் 1914-ல் குஜராத்தில் அதைச் சுட்டதாகக் கர்னலின் சீட்டு சொல்லியது. அந்த முகவரியையும் நம்பித் தேடினார்கள். கிடைக்குமா? அந்தத் தோலும் திருட்டுத் தோல். பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மைச் சீட்டுகளில் கண்ட ஊர்களைத் தேடிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்தது. 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ஷஹாதா என்ற ஊருக்கு அருகே பட்டப்பகலில் அந்த ஆந்தை மரத்தில் உட்கார்ந்திருந்தது. 113 வருஷத்துக்குப் பின்!

இதைக் கேட்கச் சலீம் அலி உயிரோடு இல்லை. தன் பயணத் தோழர் செய்த மோசடி இன்னதென்று முழுவதும் தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய சீட்டுகள் வேறு ரகம். தொடக்க காலத்தில் விசிலர் என்ற ஆங்கிலேய நிபுணரோடு ஒரு தகராறு வந்தது. இந்தியாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர் அவர். பறவை நூல் எழுதியவர். அவர் எழுதியதில் சில பிழைகள் இருப்பதாகப் பெயர் தெரியாத ஓர் இந்தியர் சுட்டிக்காட்டினால் கோபம் வராதா? வந்தது. ஆனால் விசிலர் நேர்மையானவர். தன்னிடமிருந்த பறவைகளை மறுபடி எடுத்துப் பரிசோதித்தார். சலீம் அலி சொன்னதே சரி என்று கண்டார். ஒப்புக்கொண்டார். அதன்பின் இருவரும் இணைபிரியா நண்பர்கள். திருவாங்கூர்ப் பறவைகளை இங்கிலாந்தில் வைத்து ஆராய்ந்து, சலீம் அலியின் கட்டுரைக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் விசிலர்தான்.

தெஹ்மினா

இங்கிலாந்தில் படித்தவர்; வசதியான வீட்டுப் பெண். வேலை இல்லாத கணவனோடு காட்டிலும் மேட்டிலும் அலைய வேண்டும் என்று அவருக்கு என்ன விதி? ஆனால் தெஹ்மினா முகம் சுளித்ததில்லை. முகாம் நிர்வாகம் அவர் கையில். கணவர் எழுதுவதைப் படித்துத் திருத்துவதும் அவர்தான். சலீம் அலியின் ஆங்கிலம் அத்தனை தெளிவாக இருப்பதற்கு மனைவியே காரணம் என்பார்கள்.

1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சை நடந்தது. இரத்தத்தில் விஷம் ஏறித் தெஹ்மினா இறந்துபோனார். குழந்தைகள் இல்லை. சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. பம்பாயில் அக்கா வீட்டில் ஓர் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து வேலையைத் தொடர்ந்தார். 1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. படத்தைப் பார்த்துப் பறவையைக் கண்டுகொள்ளலாம் என்று சாதாரண மக்களுக்குத் தைரியம் கொடுத்த புத்தகம் அது.

கையில் துட்டு சேர்ந்தபோதெல்லாம் மோட்டார் சைக்கிள் வாங்குவார். அதில் ஒரு பைத்தியம் அவருக்கு. 1950-ல் ஸ்வீடன் நாட்டில் பறவை நிபுணர்கள் மாநாடு நடந்தது. இவர் தன் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பாவில் அதிலேயே சவாரி செய்து மாநாட்டுக்குப் போய் இறங்கினார். வயது 53!

துப்பாக்கி போய் வலை வந்தது

1957-ல் மைசூர் ராஜ்யத்தில் சிமோகா பக்கம் கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பிறகு மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தது. பலர் மாண்டார்கள். உண்ணி கடித்துப் பரவும் புது வியாதி அது. ரஷ்யாவில் காணப்படும் ஒரு வியாதியைப் போலவே இருந்தது. சைபீரியாவிலிருந்து குளிர்காலத்தில் வரும் பறவைகள் தங்கள் உடம்பில் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள்.

எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது? எந்த வழியாக வருகிறது? இதற்குத் துப்பாக்கி உதவாது. சுட்ட பறவை ஊர் போய்ச் சேராதே! ஹெலிகோலாந்துத் தீவில் கண்ட முறைதான் வழி. உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. 1959-ல் சங்கத்தின் சார்பில் சலீம் அலி பெரிய அளவில் வேலையைத் தொடங்கினார்.

மூங்கில் கம்புகளுக்கு நடுவே மெல்லிய வலையைக் கட்டுவார்கள். வலை அத்தனை மெல்லியது. பறவையின் கண்ணுக்கே தெரியாது. பறந்து வந்து மோதி, வலையின் மடிப்பில் தொட்டிலில் விழுவது போல விழும். ஆள் உடனே போய் எடுக்க வேண்டும். வெயிலிலோ மழையிலோ தொங்கவிட்டால் செத்துவிடும். இறக்கையை அளப்பார்கள். எடை போடுவார்கள். உண்ணி இருந்தால் பொறுக்கிக் குப்பியில் போடுவார்கள். பிறகு காலில் ஓர் அலுமினிய வளையம். அதில் ஓர் எண். கிடைத்தால் பம்பாய்ச் சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி ஒரு வரி. அவ்வளவுதான். கையை விரித்தால் பறவை பறந்துவிடும்.

காலில் சீட்டு! ஆனால் இந்தச் சீட்டு உயிரோடு பறக்கிற சீட்டு.

பறவையை நோகாமல் பிடிக்க யாருக்குத் தெரியும்? படித்தவர்களுக்குத் தெரியாது. பீகாரில் மீர்ஷிகார் என்ற வகுப்பார் இருந்தார்கள். பரம்பரைப் பறவை பிடிப்பவர்கள். கண்ணியும் பிசினும் வலையும் அவர்கள் கைக்குப் பழக்கம். சங்கம் அவர்களை வேலைக்கு அமர்த்தியது. சந்தையில் விற்கப் பறவை பிடித்த கைகள், வளையம் மாட்டப் பறவை பிடித்தன.

வளையங்கள் ரஷ்யாவிலிருந்தெல்லாம் திரும்பி வந்தன. ராஜஸ்தானத்தில் பரத்பூர் ஏரியில் வளையமிட்ட வாத்து, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் யாரோ ஒரு வேட்டைக்காரர் கையில் அகப்பட்டிருக்கும். வலசைப் பாதைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கின. கியாசனூர் வியாதியைப் பறவைகள்தான் கொண்டுவந்தன என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை.

நம் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு முக்கியமான இடம் கோடிக்கரை. வேதாரண்யத்துக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் முனை. மழைக்காலம் பிறந்தால் உள்ளான்களும் பூநாரைகளும் அங்கே வந்து குவியும். சலீம் அலி அங்கே பல முறை வந்து தங்கினார். 1967-ல் அது சரணாலயம் ஆயிற்று. சங்கத்தார் வருஷக்கணக்கில் அங்கே முகாமிட்டு வளையம் மாட்டினார்கள்.

இதற்கிடையில், அமெரிக்க நிபுணர் ரிப்ளியுடன் சேர்ந்து சலீம் அலி தயாரித்த பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1976-ல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1985-ல் ராஜ்யசபை உறுப்பினராக நியமித்தார்கள்.

86 வருஷம் கழித்து

ஆந்திராவில் கடப்பைப் பக்கத்து முள் காடுகளில் இரவில் நடமாடும் ஒரு பறவை உண்டு. ஜெர்டன் என்ற சென்னை ராணுவ டாக்டர் கண்டறிந்தது. அவர் பெயராலேயே வழங்குவது. 1900-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அற்றுப்போய்விட்டது என்றே முடிவு கட்டினார்கள்.

சலீம் அலிக்கு மனம் ஒப்பவில்லை. சங்கத்து இளைஞர் ஒருவர் பறவையின் படத்தை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் வேட்டைக்காரர்களிடம் காட்டினார். அப்படி ஒரு பறவை இருப்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கலிவிக்கோடி என்று தெலுங்கில் பெயரும் சொன்னார்கள்! 1986 ஜனவரியில் ஒரு நாள் இரவு, ஓர் உள்ளூர் வேட்டைக்காரர் விளக்கு வெளிச்சத்தில் அதைக் கையாலேயே பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்.

செய்தி பம்பாய்க்குப் பறந்தது. 89 வயதுக் கிழவர் உடனே புறப்பட்டார். ஆனால் பறவைக்கு ஆயுள் இல்லை. பிடிபட்ட கொஞ்ச காலத்திலேயே இறந்துவிட்டது. இருந்தாலும் அந்தக் காட்டில் அது இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அது வாழ்ந்த காடு பின்னர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மறு வருஷம், 1987 ஜூன் 20-ந் தேதி, சலீம் அலி காலமானார். புற்றுநோய். வயது 90.

எழுதி வைத்ததன் பயன்

அவர் இறந்த பிறகுதான் அவர் வேலையின் முழுப் பலனும் தெரிந்தது.

2009-ல் கேரளத்துப் பறவை ஆர்வலர்கள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். 1933-ல் சலீம் அலி முகாமிட்ட அதே இடங்களுக்கு, அவர் போன அதே காலத்தை ஒட்டிப் போனார்கள். அதே முறையில் பார்த்து எழுதினார்கள். 75 வருஷத்தில் எந்தப் பறவை குறைந்தது, எது புதிதாக வந்தது என்று ஒப்பிட்டார்கள். அவர் இடமும் தேதியும் எழுதாமல் விட்டிருந்தால் இது நடக்குமா?

பிணந்தின்னிக் கழுகின் கதையும் அப்படித்தான். செத்த மாடு கிடந்தால் வானத்திலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும் அந்தக் கழுகுகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கே போயின? பரத்பூரில் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980-களில் அவற்றை எண்ணி எழுதி வைத்திருந்தார். பத்து வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி எண்ணினார். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காணோம்! அந்தக் கணக்குதான் உலகத்தை உலுக்கியது. காரணம் தேடினார்கள். மாட்டுக்குப் போடும் டைக்ளோபினாக் என்ற வலி மருந்து என்று கண்டுபிடித்தார்கள். மருந்து ஏறிய மாடு செத்தால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு அதுவும் சாகும். 2006-ல் மாடுகளுக்கு அந்த மருந்து கொடுப்பதை இந்திய அரசாங்கம் தடை செய்தது.

நம் பக்கத்திலும் இந்த எண்ணும் வேலை நடந்திருக்கிறது. சலீம் அலி மறைந்த அதே 1987-ல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்தியாவில் ஆரம்பமாயிற்று. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் பொதுமக்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஜனவரி மாதங்களில் பறவைகளை எண்ணிவருகிறார்கள். நாங்குநேரி அருகே கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் நாரையும் கருவேல மரங்களில் கூடு கட்டும். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வரும். அங்கே ஊராரே காவல். 1994-ல் அது சரணாலயமும் ஆயிற்று.

குளத்தில் ஆயிரம் வாத்து மிதந்தால் எப்படி எண்ணுவது? விடிந்த கையோடு சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு கரையில் நிற்பார்கள். முதலில் ஓர் ஓரத்தில் ஐம்பது பறவையை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். அந்த ஐம்பது கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அந்த அளவைக் கொண்டு குளம் முழுவதையும் அளந்துகொண்டே போவார்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். தாளின் மேலே குளத்தின் பெயர், தேதி, நேரம். கீழே எண்ணியவர் பெயர். ஒன்றுமே இல்லாத குளமானாலும் தாளை வெறுமனே விடுவதில்லை. பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த குளத்துக்குப் போகிறார்கள்.